கிங்டம் ரஷ்ஷில் ஆறாவது லெவலில் மாட்டிக்கொண்டவருக்கு

திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிங்டம் ரஷ் காசு கொடுத்து வாங்கினேன். ஆறாவது லெவலில் நாலு நாளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். இன்னும் காசு போட்டு ஹீரோ வாங்கினால்தான் ஜெயிக்க விடுவார்களா? கேம் ஏமாற்றுகிறதா, இல்லை எனக்குத்தான் மண்டையில் ஒன்றும் இல்லையா?" கிங்டம் ரஷ் ஒரு டவர் டிஃபென்ஸ் கேம்: சாலையில் அலை அலையாக வரும் எதிரிகள் வாசலைத் தாண்டாமல், டவர்களை வைத்து அடித்துத் தடுக்க வேண்டும்; தாண்டுகிறவன் உங்கள் உயிர்களைக் குறைப்பான். ஹீரோ என்பது டவர்களோடு சேர்ந்து சாலையில் இறங்கிச் சண்டை போடும் தனி வீரன். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அவர் கேட்பது ஒன்றைத்தான். இந்தத் தோல்வி நியாயமான தோல்வியா? பெரும்பாலும் நியாயம்தான், சில இடங்களில் இல்லை. எந்த இடத்தில் எது என்று பிரித்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் என்னைப் பற்றி. கல்லூரியில் படித்த காலத்தில், சிம்மக்கல்லில் மாமா வைத்திருந்த பிரவுசிங் சென்டரைச் சாயங்காலம் நான்தான் பார்த்துக்கொள்வேன். 8 சிஸ்டம், மணிக்கு 15 ரூபாய். படிப்பு முடிந்ததும் மொபைல் கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் 6 வருஷம் டெஸ்டிங் வேலை. அதில் பாதிக்காலம், எதிரியின் பலத்தைக் கூட்டுவது, டவரின் விலையைக் குறைப்பது என்று எண்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. சொந்தமாக நான் எந்த கேமையும் வெளியிட்டதில்லை, கிங்டம் ரஷ் செய்தவர்களோடு பேசியதும் இல்லை. ஆகவே "இந்த கேம் இப்படி இருக்கிறது" என்று நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். "இதற்காகத்தான் இப்படி வைத்தார்கள்" என்று சொல்லும் இடமெல்லாம் என் ஊகம்.

செய்தவர்கள் தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டுக்காரர்கள். மான்டிவிடியோவில் மூன்று பேர் தொடங்கிய அயர்ன்ஹைட் கேம் ஸ்டுடியோ. 2011 ஜூலையில் ஆர்மர் கேம்ஸ் தளத்தில், பிரவுசரிலேயே ஆடுகிற ஃபிளாஷ் கேமாக வந்தது, அந்த வருஷக் கடைசியில் ஐபேடுக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் சென்டரில் ஓடியது 2007ல் வந்த டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ். அதில் வெறும் மைதானம்தான் இருக்கும். டவர்களையே சுவராக அடுக்கி, வருகிறவனைச் சுற்றிச் சுற்றி அலைய விட வேண்டும். கிங்டம் ரஷ் அந்தச் சுதந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டது. சாலை அவர்கள் போட்டது, டவர் வைக்கும் இடமும் அவர்கள் குறித்துக் கொடுத்தது. நீங்கள் அங்கே என்ன வைப்பது என்பதை மட்டும்தான் முடிவு செய்யலாம். இந்த ஒரு முடிவிலிருந்துதான் இந்த கேமின் நல்லதும் கெட்டதும் இரண்டுமே வருகின்றன என்பது என் கருத்து.

வைக்கக் கிடைப்பது நாலே வகை. வில்லாளி டவரும் படைவீரர் கொட்டகையும் தலா 70 காசு (நிஜக் காசு இல்லை, ஆட்டத்துக்குள் கிடைக்கிற காசு), மந்திரவாதி 100, பீரங்கி 125. மற்ற டவர் டிஃபென்ஸ்களில் 20, 30 வகை இருக்கும்போது இது கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் நாலும் நாலு வேலை செய்கின்றன. வில் சீக்கிரம் அடிக்கும், கவசம் போட்டவனிடம் பலிக்காது. மந்திரம் கவசத்தைப் பார்க்காது, ஆனால் மெதுவாக அடிக்கும். பீரங்கி கும்பலை நொறுக்கும், பறக்கிற கார்காயிலை அண்ணாந்து கூடப் பார்க்காது. கொட்டகை மட்டும் யாரையும் பெரிதாகக் கொல்லாது. மூன்று வீரர்கள் சாலையில் இறங்கி நின்று வழியை மறிப்பார்கள். இதை வீண் செலவு என்று நினைப்பவர்கள்தான் ஐந்தாவது, ஆறாவது லெவலில் திணறுகிறார்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகமும் இதுதான்.

கொட்டகை ஏன் முக்கியம் என்பது எனக்குக் கோரிப்பாளையத்தில்தான் புரிந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, எங்கள் கல்லூரியிலிருந்து தொண்டர் பணிக்கு அனுப்பியிருந்தார்கள். விடிகாலையில் 20 பையன்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் குறுக்கே நின்றோம். முதல் தள்ளிலேயே கயிறு வயிற்றில் பதிந்தது. எனக்கு முன்னால் தோளில் பேரனை உட்காரவைத்திருந்த ஒரு பெரியவர், "ஏப்பா, விடுங்கப்பா, அழகர் போயிருவாரு" என்கிறார். அந்தப் பக்கம் நின்ற ஒரு ஏட்டையா எங்களைப் பார்த்துக் கத்தினார்: "டேய், நிறுத்தப் பாக்காதீங்கடா, உங்களையும் சேத்து அள்ளிட்டுப் போயிரும். கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குடுங்க. முன்னாடி போனவன் நகருற வரைக்கும் தாங்கினாப் போதும்." கொட்டகை வீரர்களின் வேலையும் அதே வேலைதான். அவர்கள் ஜெயிக்கத் தேவையில்லை. ஓர்க் என்கிற எதிரி ஒருவனை அஞ்சு விநாடி நிற்கவைத்தால், அந்த அஞ்சு விநாடியும் பின்னாலிருக்கும் மந்திரவாதி அவனை அடித்துக்கொண்டிருப்பான். செத்த வீரன் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடுவான். அதனால் சாவையும் கணக்கில் வரவாகவே வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கொட்டகையைத் தொட்டால் ஒரு கொடி அடையாளம் வரும். வீரர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை, அதன் எல்லைக்குள் நீங்களே மாற்றி வைக்கலாம். கேம் இதை ஒரு தடவை சொல்லிக் காட்டிவிட்டு அப்புறம் வாயே திறக்காது. வீரர்கள் தானாக நிற்கிற இடம் பல நேரம் மந்திரவாதியின் எல்லைக்கு ஒரு விரற்கடை வெளியே இருக்கும். கொடியை இந்தப் பக்கம் இழுத்தால் இரண்டு டவரும் ஒரே இடத்தில் அடிக்கும். என்னிடம் "லெவல் முடியவே இல்லை" என்று போனை நீட்டிய சொந்தக்காரப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் செய்தது இந்த ஒன்றுதான். அவர்கள் வைத்த ஒரு டவரைக்கூட மாற்றவில்லை.

இனி நாலாம் நம்பர் சிஸ்டத்துப் பையன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். செல்லூரிலிருந்து யானைக்கல் தரைப்பாலம் வழியே சைக்கிளில், யூனிஃபார்மோடு வருவான். வந்ததும், "அண்ணே, நாலாம் நம்பர் காலியாண்ணே?" மற்ற ஏழும் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டான், காத்திருப்பான். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபிளாஷ் கேம் தன் சேமிப்பை அந்தக் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்தது. லெவல்களை ஜெயித்து அவன் சம்பாதித்த ஸ்டார் எல்லாம் நாலாம் நம்பருக்குள் இருந்தன. ஷாமன் வருகிற லெவலில் அவன் ஒரு வாரம் மாட்டினான். ஷாமன் கூட வருகிறவர்களின் காயத்தை ஆற்றிக்கொண்டே வருவான், மந்திரம் அவனிடம் அதிகம் ஏறாது. பையனோ, கஷ்டமான லெவல் என்றால் விலை அதிகமான டவர் வேண்டும் என்று மேலும் மேலும் மந்திரவாதியாக நட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் கேமுக்குள்ளேயே இருக்கும் எதிரிகள் விவரப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இரண்டு மந்திரவாதியை விற்று வில்லாளியாக மாற்றினான். முடிந்தது. "என் தப்புதான்ணே, நான்தான் பாக்கல" என்றான். அவன் முகத்தில் கோபமே இல்லை, சிரிப்புதான்.

டெஸ்டிங் வேலைக்குப் போன பிறகு அந்தச் சிரிப்புக்கு ஒரு கணக்கு கிடைத்தது. எங்கள் கம்பெனியில், ஒரு லெவலில் ஆள் தோற்றவுடனே போய்க் கேட்போம், "ஏன் தோத்தீங்க?" என்று. "அந்த முக்குல பீரங்கி வச்சிருக்கணும்" என்று உடனே சொன்னால் லெவல் பாஸ். "தெரியலயே" என்றால் லெவல் திரும்ப டிசைனர் மேஜைக்குப் போகும். எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்பதைவிட இந்தப் பதிலைத்தான் நாங்கள் அதிகம் நம்பினோம். கிங்டம் ரஷ்ஷின் முக்கியக் கதையிலுள்ள 12 லெவலையும் அந்தக் கேள்வியோடு பார்த்தால் பெரும்பாலானவை தேறிவிடும். அடுத்த அலையில் யார் வருகிறார்கள் என்பதை மண்டையோட்டு அடையாளத்தைத் தொட்டால் முன்கூட்டியே காட்டுகிறது. அலையை நீங்களே முன்னால் கூப்பிட்டால் அதற்குக் காசும் தருகிறது, அதாவது உங்கள் தைரியத்துக்கு ஒரு விலை வைக்கிறது. ஸ்டார் கொடுத்து வாங்கிய மேம்பாடுகளை எப்போது வேண்டுமானாலும் கலைத்து வேறு விதமாகப் போடலாம், தண்டம் எதுவும் இல்லை. இதெல்லாம் ஏமாற்றுகிற கேமின் லட்சணம் அல்ல.

அப்படியானால் எரிச்சல் எங்கிருந்து வருகிறது? எனக்குத் தெரிந்து உண்மையான குறைகள் இருக்கின்றன. அதில் பெரியது, டவர் யாரை அடிக்க வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியாது. வாசலுக்கு மிக அருகில் யார் போய்விட்டானோ அவனைத்தான் அது பிடித்துக்கொள்ளும். ஷாமன் பின்னால் நின்று நிதானமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பான், உங்கள் வில்லாளிகளோ முன்னால் ஓடும் ஒரு நோஞ்சான் காப்ளின் மேல் அம்பை வீணடித்துக்கொண்டிருப்பார்கள். ப்ளூன்ஸ் வரிசை கேம்களில் முதல் ஆளை அடி, பலசாலியை அடி என்று ஒவ்வொரு டவருக்கும் தனியாகச் சொல்லலாம். இதில் அது இல்லை. எளிமைக்காக விட்டிருக்கலாம் என்பது ஊகம். ஆனால் இந்த இடத்தில் "ஏன் தோத்தீங்க?" என்று கேட்டால், "டவர் சொன்ன பேச்சு கேக்கல" என்பதுதான் பதில். அது ஆடுகிறவரின் தப்பு அல்ல.

இரண்டாவது குறை சின்னது போலத் தெரிந்தாலும் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. கவசம் எவ்வளவு என்பதை "குறைவு, நடுத்தரம், அதிகம்" என்கிற பாணியில் வார்த்தையாகத்தான் காட்டுகிறார்கள், எண்ணாகக் காட்டுவதில்லை. கறிக்கடையில் "கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு, அவர் போட்டதை வாங்கி வருகிற மாதிரி. இரண்டு வில்லாளி போதுமா, மூன்று வேண்டுமா என்று கணக்குப் போட நினைப்பவனுக்கு அது ஒன்றும் சொல்லாது. தோற்றுத் தோற்றுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதை எங்கள் ஊர்க்காரர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். லெவலுக்கு நடுவில் சேமிப்பு கிடையாது. 2012 மின்வெட்டு நேரத்தில் எங்கள் யூபிஎஸ் 15 நிமிஷம் தாங்கும். பையன் கடைசிக்கு முந்தின அலையில் இருக்கும்போது மின்விசிறி நிற்கும், யூபிஎஸ் கூவ ஆரம்பிக்கும். அலையை வேகமாக ஓட்டிவிடலாம் என்றால் முதல் கேமில் வேகம் கூட்டுகிற பொத்தானும் இல்லை. திரை அணையும். மறுநாள் முதல் அலையிலிருந்து, அதே 70 காசு வில்லாளியிலிருந்து. தோற்ற லெவலைத் திரும்ப ஆடும்போதும் இதே கதைதான். பத்தாவது அலையில் செய்த தப்பைத் திருத்த, மனப்பாடமாகிவிட்ட ஒன்பது அலையை அதே நிதானத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். உங்கள் நாலு நாளில் எத்தனை மணி நேரம் இப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கஷ்டம் வேறு, அலுப்பு வேறு. இந்த கேம் அலுப்பையும் கஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது.

நாலாம் நம்பர் பையனுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் செய்தது நான். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று மாமா சொன்னார் என்பதற்காக, வேண்டாத ஃபைல்களைத் துடைக்கிற சாஃப்ட்வேரை எட்டு சிஸ்டத்திலும் ஓட்டினேன். பிரவுசர் குப்பையோடு அவனுடைய ஸ்டார்களும் போயின. பதினோராவது லெவல் வரைக்கும் வந்திருந்தான். மறுநாள் அவன் உட்கார்ந்து, பார்த்து, ஒன்றும் பேசாமல் 15 ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, காசு வேண்டாம் என்றேன், எடுக்கவில்லை. இரண்டு வாரம் ஆளைக் காணோம். அப்புறம் வந்து முதல் லெவலிலிருந்து ஆரம்பித்தான், இந்தத் தடவை ஏழாம் நம்பரில். ஃபிளாஷே 2020 டிசம்பர் 31ஓடு கதை முடிந்துபோன விஷயம். இப்போது நீங்கள் போனில் ஆடுவதால், போனை ரீசெட் செய்வதற்கு முன்னால் உங்கள் ஆட்டத்தின் சேமிப்பு ஆன்லைன் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் குறித்துக் கொடுத்திருப்பதால் வருகிற சிக்கல் ஒன்றும் உண்டு. முதல் தடவை ஆடும்போது ஒவ்வொரு லெவலும் அளந்து தைத்த சட்டை மாதிரி இருக்கும். வளைவில் ஒரு இடம் காலியாக இருந்தால் அது பீரங்கிக்கென்றே விடப்பட்டது என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் ஜெயித்த பிறகு அதே லெவலை வேறு விதமாக ஜெயிக்கலாமா என்றால், பெரிய வித்தியாசம் எதுவும் வராது. ஒரே உயிரோடு ஆடுகிற ஹீரோயிக், அயர்ன் சவால்கள் இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. அயர்னில் சில டவர்களுக்குத் தடை என்பதால் பழகிய கை தடுமாறும், அது எனக்குப் பிடிக்கும். ஒன்பதாவது லெவலின் பெரிய எதிரியான ஜேடி என்கிற பனிமனிதன் டவர்களை உறையவைப்பான், அதைத் திரும்பத் திரும்பத் தொட்டு உடைக்க வேண்டும். யோசித்து ஆடுகிற கேம் திடீரென்று விரல் வேகத்தைச் சோதிக்கிறது. சின்ன போனில் ஆடுகிறவர்களுக்கு இது எரிச்சல்தான். நான் டெஸ்ட் செய்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஹீரோ விஷயத்தில் என் பதில் உறுதியானது: தேவையில்லை. நாங்கள் சென்டரில் இலவசமாக ஆடிய ஃபிளாஷ் பதிப்பில் ஹீரோ என்று யாரும் கையில் கிடையாது, அப்படியேதான் பையன்கள் கடைசி எதிரியான வெஸ்நான் வரைக்கும் போனார்கள். போன் பதிப்பில் கதையோடு சேர்ந்தே சில ஹீரோக்கள் காசில்லாமல் வருவார்கள், அவர்களே ஏராளம். விற்பனைக்கு இருக்கிறவர்கள் வேலையைச் சுலபமாக்குவார்கள் என்பதும் உண்மைதான், அதிலும் சிரம நிலையை ஏற்றி வைத்து சவால்களை ஆடுகிறவர்களுக்கு. உங்களுக்கு இப்போது அந்தக் கவலை வேண்டாம். பிறகு தொடர்ச்சிகளை வாங்குவதாக இருந்தால், 2013ல் வந்த ஃபிரான்டியர்ஸையும் 2014ல் வந்த ஆரிஜின்ஸையும் யோசிக்காமல் வாங்கலாம். 2018ல் வந்த வெஞ்சன்ஸின் போன் பதிப்பில் டவர்களையே தனித்தனியாக விலைக்கு வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஹீரோ இல்லாவிட்டால் ஆட்டம் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். டவர் என்பது ஆட்டத்தின் எழுத்து. எழுத்தை விற்றால், தோற்றவனுக்கு "என் தப்புதான்" என்று சொல்லும் தைரியம் போய்விடும்.

ஆறாவது லெவலுக்கு வருவோம். கடைசி அலையில் ஜக்கர்நாட் என்கிற பெரிய எதிரி வருவான். அவன் வாசலைத் தாண்டினால் 20 உயிரும் ஒரே அடியில் போய்விடும். நீங்கள் தொங்கிக்கொண்டிருப்பது அங்கேதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முந்தின ஐந்து லெவலில் எங்காவது மூன்று ஸ்டாருக்குக் குறைவாக வாங்கியிருந்தால் முதலில் அதைப் போய் எடுங்கள். 18 உயிர் மிச்சமிருந்தால் மூன்று ஸ்டார். பிறகு மேம்பாடுகளைக் கலைத்து, துணைப்படைக்குக் கொஞ்சம் அதிகமாகப் போடுங்கள். துணைப்படை என்பது கவைக்கம்போடு ஓடிவரும் விவசாயிகள் இரண்டு பேர். 10 விநாடிக்கு ஒரு தடவை கூப்பிடலாம், காசே கிடையாது. எல்லாரும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் ஜக்கர்நாட்டை நிறுத்துவதற்கு அவர்களைவிட மலிவான வழி இல்லை. உங்கள் டவர்கள் அதிகமாகக் கூடியிருக்கிற இடத்துக்கு அவன் வந்ததும் இரண்டு பேரை அவன் காலடியில் இறக்குங்கள். அவர்கள் சாகும்போது அடுத்த இரண்டு பேர் தயாராக இருப்பார்கள். அவன் வருவதற்கு முந்தின அலைகளில் புதுப்புது இடத்தில் டவர் நடுவதை விட்டுவிட்டு, இருக்கிற நாலைந்தை முழுதாக ஏற்றுங்கள். அரைகுறையாக எட்டு டவர் இருப்பதைவிட அது மேல். கொட்டகைக் கொடியை மந்திரவாதியின் எல்லைக்குள் இழுக்க மறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து அப்படியும் சாய்ந்தால், எத்தனையாவது அலையில் எந்தப் பக்கத்துச் சாலை உடைகிறது, அந்த நேரத்தில் கையில் எவ்வளவு காசு மிச்சம் இருந்தது என்ற இரண்டையும் எழுதுங்கள். தோற்கிற நேரத்தில் 300, 400 காசு சும்மா கிடந்தால் சிக்கல் ஒரு மாதிரி, பைசா இல்லாமல் தோற்றால் வேறு மாதிரி. அதைப் பார்க்காமல் இதற்கு மேல் சொன்னால் ஜோசியமாகிவிடும்.